கேஸ் தீராது, கசியத்தான் செய்யும்: ஏசி கேள்வி பதில்

கேள்வி: கேஸ் எப்படிக் குளிரை உண்டாக்குகிறது?

பதில்: உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்; ஏசியில் ஓடும் கேஸான ஆர்-32 மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும், இறங்கினால் இறங்கும். அறைக்குள் இருக்கும் சுருள் குழாயான உள் காயிலில் அழுத்தம் குறைவு. அங்கே திரவம் அறைக்காற்றின் சூட்டை வாங்கிக் கொதித்து ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி, வெளிக்காற்றைவிடச் சூடாக்குகிறது. வெளிக் காயிலில் சூட்டை இறக்கியதும் மறுபடி திரவம். கேபிலரி என்ற குறுகலான குழாயைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து, திரும்ப உள்ளே.

கேள்வி: வருஷா வருஷம் கேஸ் போடணுமா?

பதில்: வேண்டாம். அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ லீக். மூட்டுகளில் சோப்பு நுரை தடவுங்கள். பைப்புகளை இணைக்கும் ஃபிளேர் நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பெருத்துக்கொண்டே வரும். அவசரப்படுகிறவர் கண்ணில் அது படாது. பிரஷர் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜன் ஏற்றினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

கேள்வி: பைப்பில் ஐஸ் பிடிக்கிறது. கேஸ் அதிகமாகிவிட்டதா?

பதில்: குறைந்திருக்கலாம். அழுத்தம் விழுந்தால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஃபில்டர் அடைத்தாலும் இப்படி ஆகும், அதை முதலில் கழுவுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல் வெளி வெப்பத்தை அறைக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் கரண்ட்டில் மூன்று யூனிட் வெப்பம் தருமாம். ஆற்றல் அழிவின்மை விதி என்னாவது?

பதில்: விதி பத்திரமாக இருக்கிறது. மிச்சம் இரண்டு யூனிட் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. கரண்ட் அதைச் சுமந்து வருவதற்கான கூலி.

கேள்வி: மைனஸ் 5 டிகிரிக் காற்றில் ஏது வெப்பம்? ஏமாற்று வேலை!

பதில்: மைனஸ் 273 வரைக்கும் வெப்பம் உண்டு. வெளிக் காயிலில் கேஸ் மைனஸ் 15-இல் கொதிக்கும்போது, மைனஸ் 5 அதற்கு அடுப்புதான். ஆனால் குளிர் கூடக்கூட அந்த மூன்று குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். காயிலில் உறைபனி படிந்தால் நான்குவழி வால்வு ஓட்டத்தைத் திருப்பி உருக்கும். அந்த நேரம் அறைக்கு வெப்பம் வராது.

கேள்வி: ஆர்-22 என்ற கேஸில் ஓடும் பழைய ஏசியில் புரொப்பேன் நிரப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. எரியும் வாயு அது. அந்த மிஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கேள்வி: சீசனுக்கு முன்னால் கொஞ்சம் டாப்-அப்?

பதில்: மேலே சொல்லியாயிற்று. லீக்கைத் தேடுங்கள். மிச்ச கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடியுங்கள். ஆர்-32 புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு. ஓட்டையை அடைத்து, வாக்யூம் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்து ஏற்றுங்கள்.