ஸ்டேஷன் மாஸ்டர் பதில்கள்

(காட்பாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் கிண்டியில் வேலை பார்க்கிறாள். காலையில் மெட்ரோவில் நிற்கவே இடமில்லையாம். கோடி கோடியாகக் கொட்டிப் புதுப் பாதை தோண்டுவதற்குப் பதில், ஓடுகிற வண்டியிலேயே நாலு பெட்டி சேர்த்தால் ஆகாதா?
– குடியாத்தம் வாசகர்

நாலு ஆகாது, இரண்டு ஆகும். சென்னை மெட்ரோவில் ஓடுவது 4 பெட்டி வண்டி. முதல் கட்ட நிலையங்களின் பிளாட்பாரம் 6 பெட்டிக்குக் கட்டியது. நீங்கள் கேட்டபடி சேர்த்தால் கடைசி இரண்டு பெட்டிக்காரர்கள் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதுதான்.

அடுத்த வழி, வண்டிகளை நெருக்கி விடுவது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வைப்பது எஞ்சின் இல்லை, கதவு. நான் பணியில் இருந்தபோது ஒரு நாள் காலை, சென்னை வண்டிக்கு 2 நிமிஷம் நிறுத்தம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மா ஏறப் பார்த்தார். கூடை கதவில் சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்து இறங்க வேண்டியவர்கள் கூடைக்கு அந்தப்பக்கம், ஏற வேண்டியவர்கள் இந்தப்பக்கம். காய் நாலைந்து பிளாட்பாரத்தில் உருள, அதைப் பொறுக்க இரண்டு பேர் குனிய, கார்டு விசில் ஊத, 2 நிமிஷம் 5 நிமிஷம் ஆயிற்று. பின்னால் வந்த வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே ஹோம் சிக்னலில் நின்று கூவிக்கொண்டிருந்தது.

மெட்ரோவில் கூடை இல்லை, முதுகுப்பை இருக்கிறது. இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால் மணிக்கு 24. கதவில் நடக்கும் தள்ளுமுள்ளில் இடைவெளி 3 நிமிஷம் ஆகிவிட்டால் 20. வண்டிக்கு 1,200 பேர் என்று வைத்தால் 4,800 பேருக்கான இடம் போச்சு. அதுவும் கூட்டம் அதிகமான அதே மணி நேரத்தில். கூட்டமே கூட்டத்தைப் பெருக்கும். இந்தக் கட்டம் வந்த பிறகுதான் புதுப் பாதை பற்றிப் பேசுவார்கள், பேச வேண்டும்.

கேள்வி: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ஊருக்குத்தான் வந்ததாமே?
– வாலாஜாபேட்டை வாசகி

ஆமாம் அம்மா. 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நெரிசலான பாதைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை போட்டால் கூட்டம் பாதியாகிவிடும் அல்லவா?
– கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

வரைபடத்தில் அப்படித்தான் தோன்றும். நியூயார்க்கில் பக்கத்துப் பாதை இல்லாமல் பட்ட பாடு ஒரு கதை. மன்ஹாட்டன் கிழக்குப் பக்கம் இருந்த மேம்பால ரயில் பாதைகளை இடித்தார்கள். கடைசிப் பாதையை மூடியது 1955-ல். அதற்கு ஈடாக வரவேண்டிய சுரங்கப் பாதையின் முதல் துண்டு திறந்தது 2017 ஜனவரி 1. புதிதாகக் கிடைத்தவை மூன்றே நிலையங்கள். இடையில் 62 வருஷம் அந்தப் பக்கத்துச் சுமையை லெக்சிங்டன் அவென்யூ பாதை இழுத்தது. புதுசு வருமுன் பழசை இடிக்காதே என்பது எங்கள் வீட்டில் சமையலறை மாற்றியபோது என் மனைவி சொன்னது. அவருக்கு இருந்த விவரம் அவர்களுக்கு இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது டோக்கியோக்காரன் போடும் கணக்கு. அங்கே தோசாய் பாதையில் கீபா நிலையத்துக்கும் மொன்சென் நகாச்சோவுக்கும் நடுவே 2019-ல் காலை நெரிசல் 199 சதவீதம், அதாவது 100 பேர் இடத்தில் 199 பேர். இப்போது தொயோசுவுக்கும் சுமியோஷிக்கும் நடுவே 4.8 கி.மீ. பாதை கட்டுகிறார்கள். அது தோசாய் பாதைக்குப் பக்கத்தில் ஓடவில்லை, குறுக்கே வெட்டுகிறது. வெட்டுகிற இடம் தொயோச்சோ, கீபாவுக்கு முந்திய நிலையம். பிதுங்குகிற இடத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே ஆளை இறக்கி வேறு பக்கம் அனுப்பும் ஏற்பாடு.

காட்பாடியில் சீசன் பாஸ்காரர்களிடம் டிக்கெட் எதுவரை என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் 'சென்ட்ரல்' என்பார்கள். போய்ச் சேருவது எங்கே என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி, வடபழனி என்று பிரிந்தது. சென்ட்ரல் வேண்டாதவர்களும் சேர்ந்துதான் சென்ட்ரலை நிறைத்தார்கள். சென்னை மெட்ரோ கட்டிவரும் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடம் வில்லிவாக்கம், கோயம்பேடு, ஆலந்தூர் என்று வளைந்து போவதும் இதற்காகத்தான். பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் போகிற 26 கி.மீ. தடம் நமக்கு இன்னும் நெருக்கம். வேலூர் பஸ்ஸில் போகிறவர் பூந்தமல்லியிலேயே இறங்கி வடபழனி போகலாம், கோயம்பேட்டை மிதிக்கவே வேண்டாம்.

மாறுகிற இடத்தில் ஏழெட்டு நிமிஷம் நடக்கவிட்டால் மட்டும் சனம் பழைய வண்டிக்கே திரும்பிவிடும்.

கேள்வி: புதுப் பாதையும் கொஞ்ச நாளில் நிரம்பிவிடுகிறதே, வீண் வேலைதானே?
– ராணிப்பேட்டை வாசகர்

சியோலில் 2009-ல் 9-ம் பாதையைத் திறந்தார்கள். விரைவு வண்டியும் விட்டார்கள், ஆனால் வெறும் 4 பெட்டி. பிதுங்கி வழிந்தது, பிறகு 6 ஆக்கினார்கள். இதில் பாதை மேல் தப்பில்லை. ஆள் வருவான் என்று நம்பாமல் பெட்டியைக் குறைத்தது தப்பு.

கேள்வி: வேலூருக்கு மெட்ரோ வருமா? காட்பாடி – பாகாயம் விட்டால் போதும்.
– காந்திநகர் வாசகர்

உங்கள் ஆசை புரிகிறது, 1, 2 நம்பர் பஸ்ஸில் நானும் தொங்கியிருக்கிறேன். ஆனால் காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டி வேலூர் கண்டோன்மென்ட் வரை தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. விழுப்புரம் லைன்தான். மீட்டர் கேஜாக இருந்ததை அகலமாக்கியாயிற்று. ஒற்றைப் பாதை, நாளைக்குச் சில வண்டிகள். அதில் கால் மணிக்கு ஒரு சின்ன வண்டி ஓட்ட முடியுமா, எதிரெதிர் வண்டி ஒதுங்க எங்கே லூப் லைன் வேண்டும் என்று பார்க்கலாம். கண்டோன்மென்ட்டில் இறங்கியவர் சி.எம்.சி.க்கு மறுபடி ஆட்டோ பிடிக்க வேண்டுமென்றால் காட்பாடியிலேயே பஸ் ஏறிவிடுவார், அதுதான் சிக்கல்.

மெட்ரோ கேட்டு மனு எழுதுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை கிரீன் சர்க்கிளில் ஒரு நோட்டோடு நின்று, பஸ்ஸில் இறங்குகிற பத்து பத்துப் பேரிடம் எங்கே ஏறினார்கள், எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சத்துவாச்சாரி மாணவியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நோட்டை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் கூட்டிப் பார்க்கலாம்.