மின்சார ஸ்மோக்கர் சூடேறாவிட்டால்: கேள்வி பதில்

டொரண்டோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்சார அடுப்பு, ஓவன், ஸ்மோக்கர் (மரச்சீவல் புகையில் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் பெட்டி அடுப்பு) ஆகியவற்றைப் பழுது பார்த்து வருகிறேன். குளிர்காலம் தொடங்கினால் ஒரே புகார் குவிகிறது: 225 டிகிரிக்கு வைத்த ஸ்மோக்கர் 180-ஐத் தாண்டுவதில்லை. இங்குள்ள கருவிகளில் இருப்பது போலவே வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் தருகிறேன். எதைக் கழற்றுவதானாலும் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி (கல்கரி): 800 வாட் ஸ்மோக்கர். 250-க்கு வைத்து இரண்டு மணி நேரம் ஆகியும் திரையில் 180 தான். வெளியே உறைபனி, காற்றும் அடிக்கிறது. கொல்லைப்புறம் வரை நீண்ட வயர் இழுத்திருக்கிறேன். புது எலிமெண்ட் (சூடாக்கும் கம்பி) வாங்கிவிடலாமா ஐயா?

பதில்: இப்போதே வாங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். ஒற்றை எலிமெண்ட் உள்ள ஸ்மோக்கரில் அந்தக் கம்பி அறுந்திருந்தால் சூடே வந்திருக்காது. 180 வரை ஏறுகிறதென்றால் எலிமெண்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

திரையில் தெரிவது உட்சுவரில் பொருத்தியுள்ள சென்சாரின் வெப்பமே தவிர, இறைச்சி கிடக்கும் கம்பித்தட்டின் வெப்பம் அன்று. இரண்டுக்கும் இடையே இருபது, முப்பது டிகிரி வேறுபாட்டைப் பலமுறை கண்டிருக்கிறேன். சென்சார்மீது கொழுப்பும் கரியும் படிந்திருந்தால் ஈரத்துணியால் மென்மையாகத் துடைத்துவிட்டு, தனித் தெர்மாமீட்டர் ஒன்றைத் தட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள். அந்தத் தெர்மாமீட்டரையும் முன்னதாகச் சோதித்துக்கொள்ளுங்கள்: பனிக்கட்டி நீரில் 32 காட்ட வேண்டும், கொதிநீரில், உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால், 212 அல்ல, சுமார் 206 காட்ட வேண்டும்.

சூடு உண்மையிலேயே குறைவென்றால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது அந்த நீண்ட வயரை. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் எலிமெண்டின் சூடு பத்தொன்பது விழுக்காடு குறைந்துவிடும், ஏனெனில் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 120 வோல்ட்டில் 800 வாட் தரும் எலிமெண்டின் மின்தடை 18 ஓம். அதற்கு முன்னால் நூறடி நீளமுள்ள, 16 கேஜ் தடிமனுள்ள எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டால், போக வர இருநூறு அடிச் செம்பும் சேர்ந்து ஏறத்தாழ 0.8 ஓம் தடையைக் கூட்டுகின்றன, எலிமெண்டுக்குக் கிடைப்பது 730 வாட் அளவுதான். கோடையில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றடிக்கும் உறைபனியில், ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும் அடுப்புக்கு அது பெரிய இழப்பு. சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஸ்மோக்கரைக் காற்றுக்கு மறைவாகவும் வையுங்கள்.

அதற்கும் சரிப்படாவிட்டால், பிளக்கை எடுத்து, முழுவதும் ஆறிய பிறகு, பின்மூடியைக் கழற்றி, எலிமெண்டின் ஒரு முனையிலிருக்கும் வயரை உருவிவிட்டு, மல்டிமீட்டரால் எலிமெண்டின் மின்தடையை அளவிடுங்கள். 18 ஓமுக்கு அருகில் இருந்தால் எலிமெண்டுக்கு ஒரு குறையும் இல்லை. அப்போது வயரை எலிமெண்டோடு இணைக்கும் செருகு முனைகளை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். தகடு பளபளப்பு இழந்து நீலமும் கறுப்புமாக மாறி, வயரின் உறை நுனியில் காய்ந்து நொறுங்கினால் நோய் அங்கேதான் இருக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடானால் மேலும் தளரும்.

கேள்வி (ஒட்டாவா): சூடு வெளியேறாமல் மேலே உள்ள புகைத்துளையை மூடி வைக்கலாமா?

பதில்: கூடாது. புகை உள்ளே தேங்கி இறைச்சியில் கசப்பான கரிப்படலமாகப் படியும்.

கேள்வி (லண்டனிலிருந்து டொரண்டோவுக்குக் குடிவந்தவர்): அங்கே நன்றாக ஓடிய 1000 வாட் ஸ்மோக்கர் இங்கே வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. பிளக்கை மட்டும் மாற்றினேன்.

பதில்: உங்கள் ஸ்மோக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. 120 வோல்ட்டில் அது ஏறத்தாழ 270 வாட்தான் தரும். பழுது எதுவும் இல்லை. மின்மாற்றி வாங்குவதைவிட இங்குள்ள ஒன்றை வாங்குவதே நல்லது. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: இங்கு வாங்கிய 120 வோல்ட் ஸ்மோக்கரை, 230 வோல்ட் வரும் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய் அப்படியே செருகினால், எலிமெண்ட் மூன்றரை மடங்குக்கு மேல் சூட்டை வாங்கி எரிந்துபோகும்.

கேள்வி (வின்னிபெக்): கராஜுக்குள் வைத்தால் குளிர் தாக்காதல்லவா?

பதில்: கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். மின்சார அடுப்பானாலும் உள்ளே மரச்சீவல் புகைகிறது, அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணமில்லை; வீட்டுக்குள் நுழைந்தாலும் தெரியாது.

கேள்வி (பிராம்ப்டன்): அடுப்பு 225-இல் சரியாக நிற்கிறது. ஆனால் மாட்டு நெஞ்சிறைச்சியின் உள்வெப்பம் நான்கு மணி நேரமாக 155-லேயே நிற்கிறது. அடுப்பில் என்ன கோளாறு?

பதில்: அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. இதைத் தேக்கம் என்பார்கள். இறைச்சி வியர்க்கிறது, அந்த ஈரம் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் சூடும், அடுப்பு கொடுக்கும் சூடும் சமமாகிவிடுகின்றன. பொறுத்திருங்கள், அல்லது அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள்.

மறுப்பு (மிசிசாகா): மன்னிக்க வேண்டும். கொலாஜன் (இறைச்சியின் இணைப்புத் திசுவிலுள்ள புரதம்) உருகும்போது சூட்டைக் குடிப்பதால்தான் தேக்கம் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்களே?

பதில்: எழுதியிருக்கிறார்கள், நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் நீரில் நனைத்த ஸ்பாஞ்ச் ஒன்றையும் கொழுப்புக் கட்டி ஒன்றையும் ஸ்மோக்கரில் வைத்து அளந்தார். ஸ்பாஞ்ச் இறைச்சியைப் போலவே தேங்கி நின்றது. கொழுப்பு நிற்காமல் ஏறியது. ஸ்பாஞ்சில் கொலாஜன் ஏது?

மறுப்பு (மிசிசாகா): அப்படியானால் நான் தாளில் சுற்றியும் ஏன் தேங்கியது?

பதில்: தாள் தளர்வாக இருந்து ஆவி வெளியேறியிருக்கலாம். கொலாஜன் மாறுவதற்குச் சிறிது சூடு செலவாவதை நான் மறுக்கவில்லை. இறைச்சி மிருதுவாக வேண்டும் என்பதற்காக 200 டிகிரி வரை கொண்டுபோவதே அந்த மாற்றத்துக்காகத்தான். ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். அது 800 வாட் எலிமெண்டின் முழு உழைப்பில் 47 நிமிடம். ஸ்மோக்கருக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டைப் பற்றி எழுதிக் கேட்ட மூவருக்கும் இதே கணக்குதான் விடை. குளிரில் சூடு ஏறாவிட்டால் தட்டைக் காலியாக வையுங்கள்; வேண்டுமென்றால் கொதிநீரை ஊற்றுங்கள், குழாய்நீரை ஊற்றாதீர்கள்.

கேள்வி (எட்மன்டன்): 190-க்கு மேல் ஏறவில்லை. எலிமெண்ட் வாங்கவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஓம் எவ்வளவு என்று அளந்த பிறகு எழுதுங்கள்.

கேள்வி (ஹாமில்டன்): எனக்கும் 185 தான். எழுபத்தைந்து அடி வயர் போட்டிருக்கிறேன்.

பதில்: வயரை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் எழுதப்படும் எந்தக் கேள்விக்கும் என்னால் பொறுப்பான விடை தர இயலாது.

கேள்வி (மான்ட்ரியல்): முழுக்கோழி ஐந்து மணி நேரமாக உள்ளே 120-இல் நின்றுவிட்டது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இப்போது ஓவனில் வைத்து 165-க்குக் கொண்டுவந்தால் சாப்பிடலாமா?

பதில்: எறிந்துவிடுங்கள். 40-க்கும் 140-க்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறைச்சி இருக்கக் கூடாது. கிருமி செத்தாலும் அது விட்ட நஞ்சு வெந்து அழியாமல் இருக்கக்கூடும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கோழியின் விலையைப் பார்க்காதீர்கள்.

கேள்வி (சறே): எரிவாயு ஸ்மோக்கருக்கும் இதே சோதனைகளா?

பதில்: அது என் துறை அன்று. எரிவாயு உரிமம் பெற்றவரை அழையுங்கள்.

கேள்வி (கல்கரி, மீண்டும்): அளந்துவிட்டேன் ஐயா. 18.3 ஓம். வயரில்லாமல் ஓட்டியும் 205 தான் வந்தது. செருகு முனை ஒன்று கறுத்து, தொட்டவுடன் உறை உதிர்ந்தது.

பதில்: எலிமெண்டை விட்டுவிடுங்கள். உறை உதிர்ந்த பகுதியைத் தாண்டி, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வயரை வெட்டி, அதிக வெப்பம் தாங்கும் புதிய முனையைக் கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். ஈயம் பற்றவைக்காதீர்கள், அந்தச் சூட்டில் இளகிவிடும். எலிமெண்டின் தகட்டையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். செருகும்போது கைக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பின்மூடியைப் போட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள்.