வென்டிலேட்டரில் ஒன்பதாம் நாள்: டாக்டரிடம் என்ன கேட்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. கொரோனா நிமோனியாவால் ஐசியுவில் இருக்கிறார். வென்டிலேட்டர் வைத்து இன்று ஒன்பதாம் நாள். "வென்டிலேட்டருக்குப் போனால் நூற்றுக்கு 88 பேர் திரும்புவதில்லை" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். டாக்டர்களோ "அப்படியேதான் இருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த 88 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

2020 ஏப்ரலில், நியூயார்க் வட்டாரத்து மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 பேரைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் 1,151 பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. ஆய்வை எழுதிய நாளில் அந்த 1,151 பேரில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள். மீதி 831 பேர் இன்னும் படுக்கையில் இருந்தார்கள். அந்த 831 பேரை விட்டுவிட்டு, முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த எண் அது. பின்னர் திருத்தமும் வெளியிட்டார்கள். ஆனால் திருத்தம் வருவதற்குள் 88 உலகம் முழுக்கப் போய்விட்டது. இந்த நோயில் இறப்பவர்களில் பலர் சீக்கிரம் இறந்துவிடுகிறார்கள், பிழைப்பவர்கள் வாரக்கணக்கில் ஐசியுவில் கிடக்கிறார்கள். அதனால் பாதியில் எண்ணினால் நிலவரம் உள்ளதைவிட மோசமாகத்தான் தெரியும். உங்கள் அப்பா இன்று இருப்பது அந்த 831 பேரின் இடத்தில்.

அதற்காக ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஐசியுவுக்கு வந்தவர்களில் இறந்தவர்கள் 2020 மார்ச் முடிவில் சுமார் 60 சதவீதம், மே முடிவில் சுமார் 42 சதவீதம். வென்டிலேட்டர் வைத்தவர்களை மட்டும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடுதல். 2020 ஜூனில், பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 நாளுக்குள் 41 சதவீதம் பேர் இறந்தார்கள், டெக்ஸாமெத்தசோன் கொடுத்தவர்களில் 29 சதவீதம் பேர். விலை குறைந்த, பழைய ஸ்டீராய்டு மருந்து அது. உங்கள் அப்பாவுக்கும் கொடுத்திருப்பார்கள். அது சர்க்கரையை ஏற்றிவிடும், அதனால் இன்சுலின் சொட்டாக ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சரி, நாளை டாக்டரிடம் என்ன கேட்பது? "பிழைப்பாரா?" என்று கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. "மெஷின் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் கொடுக்கிறது? மூன்று நாளுக்கு முன்னால் எவ்வளவு?" என்று கேளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம். மெஷினில் 100 வரை போகலாம். திரையில் தெரியும், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 40 சதவீதத்தில் 94 காட்டும் நுரையீரலும், 90 சதவீதத்தில் 94 காட்டும் நுரையீரலும் ஒன்றல்ல. திங்கட்கிழமை 80, வியாழக்கிழமை 60 என்றால், "அப்படியேதான் இருக்கிறார்" என்ற பேச்சுக்குள்ளே ஒரு முன்னேற்றம் ஒளிந்திருக்கிறது. ஒரே நாளில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது வாரத்தில் புதிதாக ஒரு கிருமித்தொற்று வந்து காய்ச்சல் ஏறுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான்.

அடுத்து, மற்ற உறுப்புகள். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த மருந்து ஓடுகிறதா, அளவு குறைகிறதா? சிறுநீர் போகிறதா? நுரையீரல் மட்டும் பழுதான நோயாளிக்கும், சிறுநீரகமும் இதயமும் சேர்ந்து தளர்ந்தவருக்கும் வித்தியாசம் பெரியது. டயாலிசிஸ் தொடங்கினால் ஆபத்து கூடிவிட்டது என்று அர்த்தம். ஆனால் முன்பே சிறுநீரகக் கோளாறு இல்லாமல் இருந்து பிழைத்து வருபவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள்.

குப்புறப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்தால் திடுக்கிடும். ஒருவர் தலைமாட்டில் நின்று தொண்டைக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான்கு பேர் சேர்ந்து புரட்டுவோம். அப்படியே 16 மணி நேரம் வரை இருப்பார். முகம் வீங்கி, கண் இமைகள் பிதுங்கி, அடையாளமே தெரியாமல் போகும். வீக்கம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். நுரையீரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு உயிர் காக்கும் என்று நன்றாக நிரூபணமான முறை இது. கழுத்தில் துளையிட்டு டிரக்கியோஸ்டமி செய்யலாம் என்று சொன்னாலும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மயக்க மருந்தைக் குறைத்து, மெல்ல மெல்ல மெஷினிலிருந்து பிரிப்பதற்கான வழி அது.

மயக்கம் தெளியும்போது அப்பா உங்களை அடையாளம் தெரியாமல் பேசலாம். என்னிடம் சிகிச்சையில் இருந்த ஒருவர், தான் கப்பலில் இருப்பதாக மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, காது மெஷினைப் பொருத்திய பிறகுதான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி கேட்டார். அப்பாவுடைய கண்ணாடியை இப்போதே நர்ஸிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பொறுமை வேண்டும். ஐசியுவில் பத்து நாளிலேயே தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி கரைந்துவிடும். கொரோனாவுக்கு முன்பே, இதே மாதிரி கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து மீண்டவர்களைக் கனடாவில் ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நுரையீரல் ஏறக்குறைய பழையபடி ஆகியிருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம், அவர்கள் வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் முக்கால் பங்குதான். அதனால் பிசியோதெரபி எப்போது தொடங்கும் என்று படுக்கையில் இருக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போய், ஒவ்வொரு உறுப்பாகத் தளர்ந்தால், "இனி செய்வது அவருக்கு உதவுமா, வேதனையை நீட்டுமா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். படுக்கையில் இருந்தபடி எப்படி வாழ அப்பா சம்மதிப்பார், எதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் இன்று இரவே உட்கார்ந்து பேசி வையுங்கள். எங்களுக்கு அது தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.