ஜெயிலுக்கு பிளான் போடலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

"சார், அமெரிக்காவுல ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். இப்ப ஜெயில் ப்ராஜெக்ட்ல போட்டிருக்காங்க, அதுல தனிமைச் சிறை பிளாக்கும் உண்டு. முடியாதுன்னா வேலை போகும், விசாவும் போகும். நான் வரையலைன்னா வேற யாரோ வரையத்தான் போறாங்க, நான்னா ஜன்னலாவது பெருசா வைப்பேன். இது தப்பா?"

தம்பி, ரெண்டு வாரமா என் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கறதையே நீங்க கேட்டுட்டீங்க.

போன மாசம் அந்தமான் போர்ட் பிளேர்ல (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) வெள்ளக்காரன் கட்டுன செல்லுலர் ஜெயில் பாத்தேன். 1906ல கட்டி முடிச்சது, நடுவுல கோபுரம், அதுலேர்ந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி ஏழு விங், இப்ப நிக்கிறது மூணு. ஒரு விங்கோட முகத்துக்கு நேரா அடுத்ததோட முதுகு, கைதி கைதியைப் பாத்துடக் கூடாதாம். அதைக்கூட தாங்கிக்கிட்டேன். தாழ்ப்பாளைப் பாத்ததும்தான் கால் ஓடல. கம்பி வழியா கையை விட்டாலும் எட்டாத மாதிரி, கதவைத் தாண்டி சுவத்துல ஒரு மாடம் வெட்டி அதுக்குள்ள வச்சிருக்கான். மனுஷன் கை எவ்ளோ தூரம் எட்டும்னு ஒருத்தன் உக்காந்து கணக்குப் போட்டிருக்கான் தம்பி. கிச்சன்ல ஷெல்ஃப் வைக்க நீங்க பாப்பீங்களே, அதே கணக்கு. செக்கிழுக்க வச்சவங்களைப் பத்தி கைடு நிறைய சொன்னார், இவனைப் பத்தி ஒரு வார்த்தை வரல.

"வேற யாரோ வரைவாங்க"ன்னு இனிமே எங்கயும் எழுதாதீங்க, கோபம் வருது. அமெரிக்க டாக்டர் சங்கம், மரண தண்டனை நிறைவேத்துறதுல டாக்டர் கலந்துக்கக் கூடாதுன்னு நெறியிலயே எழுதி வச்சிருக்கு. டாக்டர் இல்லாட்டியும் ஊசி போட ஆள் கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியாதா? உங்க அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கம் ஏஐஏகிட்டயும் 2012லயே சில ஆர்க்கிடெக்ட்டுங்க மனு கொடுத்தாங்க, 2014ல முடியாதுன்னாங்க, விடாம கேட்டு கேட்டு 2020 டிசம்பர்ல நெறியே மாறிச்சு: மரண தண்டனை நிறைவேத்துற அறை வரையக் கூடாது, ஒரு ஆளை நாளைக்கு 22 மணி நேரமோ அதுக்கு மேலயோ தனியா, தொடர்ந்து 15 நாளைத் தாண்டிப் பூட்டி வைக்கிற இடமும் வரையக் கூடாது. ஜன்னல் பெருசா சின்னதான்னு அங்க யாரும் கேக்கல, எத்தனை நாள்னுதான் கேட்டாங்க.

விசா பயம் புரியுதுப்பா, ஊர்ல அம்மா அப்பா உங்களை நம்பி இருப்பாங்க, இன்னிக்கே ராஜினாமா எழுதுன்னு இங்க உக்காந்துக்கிட்டு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த பிளாக்ல ஒருத்தரை எத்தனை நாள் வைப்பாங்கன்னு மேனேஜர்கிட்ட மெயில்லயே கேளுங்க. 15க்கு மேலன்னா அந்த ஷீட்டை மட்டும் தொடாதீங்க, ஏன்னும் எழுதிக் கொடுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் ஒரு வரி போடுங்க.