வட்டார உறுப்பினரை நாங்களே இடையில இறக்கேலுமோ?

கேள்வி: 2025 மே 6 தேர்தல்ல பிரதேச சபைக்கு எங்கட வட்டாரத்தில ஒருத்தரை வெல்ல வச்சனாங்கள். வெண்டாப்பிறகு ஆளை இந்தப் பக்கம் காணக்கிடைக்கேல்லை. ஒழுங்கை வாய்க்கால் தூர்ந்து மழைக்கு வீட்டுக்குள்ள வெள்ளம் வருது. 300 பேரிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்கிறம், தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பினா ஆளை நீக்குவினமோ? (வலிகாமத்தில இருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, நீக்கமாட்டினம். ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை. பிரதேச சபையில இருந்து ஜனாதிபதி வரைக்கும், தெரிவு செய்த ஆளைக் காலம் முடியமுதல் திருப்பி அழைக்கிற உரிமையை இலங்கைச் சட்டம் வாக்காளருக்குக் குடுக்கேல்லை. லண்டனில சொந்தக்காரர் இருந்தா அங்க இருக்குத்தானே எண்டு சொல்லுவினம், உண்மைதான், 2015ல சட்டம் வந்தது, ஆறு கிழமைக்குள்ள தொகுதியில 10 வீதம் பேர் கையெழுத்து வச்சா எம்பியின்ர ஆசனம் போகும், 2019ல பீற்றர்பரோவில அப்பிடி ஒருத்தருக்குப் போனதும்தான். ஆனா அங்கயும் எம்பி சிறைத்தண்டனை, பாராளுமன்றத்தில இருந்து இடைநிறுத்தம் மாதிரி ஒண்டில மாட்டினாத்தான் அந்தக் கையெழுத்தே தொடங்கும், வேலை செய்யேல்லை எண்டது காணாது.

இஞ்ச அந்தப் பிடி கட்சியின்ர கையிலதான் இருக்கு. கட்சி உறுப்புரிமை போனா ஆசனமும் போகும். 2023ல நசீர் அகமட், 2024 ஆகஸ்ட்ல ஹரின் பெர்னாண்டோ, மனுஷ நாணயக்கார எல்லாரும் அப்பிடித்தான் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தவை, உயர் நீதிமன்றமும் கட்சிப் பக்கம்தான் நிண்டது. சபை உறுப்பினருக்கும் அதே மாதிரி ஏற்பாடு இருக்கு. அப்பிடி ஆள் போனாலும் இடைத்தேர்தல் வராது, அதே கட்சி இன்னொருத்தரைப் போடும். வட்டாரத்தில வெயிலுக்க வரிசையில நிண்டு வாக்குப் போட்ட சனத்திட்ட ஒரு சொல்லும் கேக்கிறேல்லை, எனக்கு இதில சரியான கோபம்.

யாழ் மாநகர சபையில 2020 டிசம்பர்ல பாதீடு ரெண்டு தரம் தோத்து மேயர் பதவி போனதை யோசிப்பியள். அது உறுப்பினர்மாரின்ர வாக்கு, உங்கட இல்லை.

உங்கட கையெழுத்துக்குப் பெறுமதி வேற இடத்தில இருக்கு. பிரதேச சபைச் சட்டம் 185ம் பிரிவில, கடமையை வேணுமெண்டு புறக்கணிக்கிற, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யிற உறுப்பினரை விசாரணை வச்சு நீக்க ஏலும். அந்த அதிகாரம் மாகாணத்தின்ர கையில, வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரோட முடிஞ்சதால இப்ப அதை ஆளுநரிட்டத்தான் கேக்கோணும். வெறும் "ஆள் சரியில்லை" அங்க எடுபடாது, ஆதாரம் வேணும்.

அதால முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில சபையின்ர தகவல் அலுவலருக்கு எழுத்தில விண்ணப்பம் குடுங்கோ. கூட்ட வரவுப் பதிவேடு, கூட்டக்குறிப்பு, உங்கட வாய்க்காலுக்கு இந்த வருசம் ஒதுக்கின காசு, மூண்டின்ர பிரதியும் கேளுங்கோ. குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டு வாங்காம வெளிக்கிடாதேங்கோ, 14 வேலைநாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும். கையெழுத்துத் தாள் ஒவ்வொண்டின்ர தலையிலயும் கோரிக்கை எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி வெத்துத் தாளில வாங்கினது எண்டு தட்டிவிடுவினம், அப்பிடியெண்டா திரும்ப வாங்குறதுதான் நல்லது. திகதியோட படமும் எடுத்து தவிசாளருக்கும் செயலாளருக்கும் பதிவுத் தபால்ல அனுப்புங்கோ. அதுக்குப் பிறகும் வாய்க்கால் அப்பிடியே கிடந்தா, சபை தன்ர கடமையைச் செய்யோணும் எண்டு பணிப்பாணை கேட்டு யாழ்ப்பாணம் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், அந்த நேரம் இந்தக் கடிதமெல்லாம் சத்தியக்கடதாசியோட சேரும்.

ஆள் காசு வாங்கினதெண்டு கதை இருந்தா அதை இதுக்குள்ள கலக்காதேங்கோ, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குத் தனியா எழுதுங்கோ. பேஸ்புக்கில கள்ளன் எண்டு போட்டு வழக்கை உங்கட பக்கம் இழுக்கவும் வேண்டாம். தகவல் விண்ணப்பத்தை இந்தக் கிழமையே குடுங்கோ, பதில் வந்தோண்ண பிரதியை எனக்கு அனுப்பினா பணிப்பாணை வழக்குக்கு இடமிருக்கோ எண்டு பாத்துச் சொல்லுறன்.