பவுச்சை என் கண் முன்னால் பிரியுங்கள் என்று கேட்கலாமா?

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டிருக்கிறேன், டாக்டர். மூன்று சிட்டிங்கில் இரண்டு முடிந்துவிட்டன. மூன்று வாரத்துக்கு முன்பு இரண்டாவது சிட்டிங்குக்குப் போனபோது, நாற்காலியில் படுத்தபடியே ஒன்றைக் கவனித்தேன். உதவியாளர் ஒரு டிரேயில் இருந்த பச்சைத் திரவத்திலிருந்து கருவிகளை எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, அப்படியே என் பக்கத்தில் வைத்தார். பல்லைக் குடையும் மெஷினை எனக்கு முன்னால் வந்தவருக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு என் வாயில் வைத்தார்கள். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை மாதிரி ஏதாவது வந்துவிடுமா? டெஸ்ட் எடுக்க வேண்டுமா? மூன்றாவது சிட்டிங்குக்குப் போவதா, வேண்டாமா? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். தூக்கம் கெடும் அளவுக்கு இதில் ஆபத்து இல்லை. எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே வந்ததும் சீக்கிரமே வலுவிழந்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி நேராகக் கையில் குத்திவிட்டால்கூட, தொற்று வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். உங்களுக்கு நடந்தது அதைவிட மிகவும் குறைவான ஆபத்துள்ள விஷயம். நீங்கள் கேட்ட மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கல்லீரல் கிருமிகளில் ரத்தம் வழியாகப் பரவுபவை ஹெபடைடிஸ் பி-யும் சி-யும். ஹெபடைடிஸ் சி-க்கு ஊசிக் குத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

நான் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது ஹெபடைடிஸ் பி-யைத்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஊசிக் குத்தில் அது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். காய்ந்துபோன ரத்தத்துளியில், கண்ணுக்கே தெரியாத கறையாக, குறைந்தது ஏழு நாளாவது அது உயிர்ப்போடு இருக்கும். அதனால்தான் 'பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது' என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நல்ல வேளையாக அதற்கு அருமையான தடுப்பூசி இருக்கிறது. முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது.

டெஸ்ட் எடுங்கள். பயத்தோடு நாட்களை எண்ணுவதைவிட அது நல்லது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் இப்போது ஒருமுறை எடுத்தால் இன்றைய நிலை தெரியும். இப்போதைய எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை, சம்பவம் நடந்து 45 நாள் ஆன பிறகு எடுத்தால் நம்பகமான பதில் சொல்லும். மற்ற இரண்டையும் ஆறாவது மாதம் இன்னொரு முறை பார்த்துவிட்டால் மனது அடங்கும்.

சரி, இப்போது நீங்கள் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானது. அங்கே நடந்தது தவறு.

அந்தப் பச்சைத் திரவம் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு ஆக இருக்கும். அதில் ஊக்கியைக் கலந்ததும் பச்சையாகிவிடும். பெரும்பாலான பாக்டீரியாவையும் வைரஸையும் சில நிமிடங்களில் கொல்லும். ஆனால் சில பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடும். அந்த வித்துகளையும் சேர்த்து அழிக்க, கருவி அந்தத் திரவத்தில் சுமார் பத்து மணி நேரம் மூழ்கிக் கிடக்க வேண்டும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் பத்து மணி நேரம் எங்கே கிடைக்கும்? கலந்து வைத்த திரவத்தின் வீரியம் பொதுவாகப் பதினான்கு நாளில் தீர்ந்துவிடும், பச்சை நிறம் மட்டும் போகாது. எல்லாம் சரியாகவே செய்தாலும், கடைசியில் குழாய்த் தண்ணீரில் அலசும்போது அந்தத் தண்ணீரில் உள்ள கிருமி கருவியில் ஏறிவிடும். இரும்புக் கருவி சூட்டைத் தாங்கும். சூட்டைத் தாங்கும் ஒரு பொருளைத் திரவத்தில் ஊறவைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968-இல் வகுத்த ஒரு பிரிவினையைத்தான் உலகம் முழுக்க இன்றும் பின்பற்றுகிறோம். ரத்தத்தையோ எலும்பையோ தொடும் கருவியில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஈரமான வாய்த்தோலை மட்டும் தொடுவது சூட்டைத் தாங்கினால் அதற்கும் அதே விதிதான், தாங்காவிட்டால் மட்டும் வீரியமான கிருமிநாசினி. நாற்காலி, விளக்கின் கைப்பிடி போன்றவற்றைக் கிருமிநாசினியால் துடைத்தால் போதும். உங்கள் பல்லின் வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்த ஃபைல் என்ற மெல்லிய கருவி முதல் வகை. அதில் சமரசமே கிடையாது.

அடுத்து அந்தக் குடையும் மெஷின். ஹேண்ட்பீஸ் என்போம். நீங்கள் சொன்னவற்றிலேயே என்னை அதிகம் உறுத்தியது இதுதான். அதன் தலைக்குள் ஒரு சின்னச் சக்கரம் காற்றின் வேகத்தில் நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் முறை சுழல்கிறது. தண்ணீரும் காற்றும் வரும் மெல்லிய குழாய்கள் அதற்குள் இருக்கின்றன. மிதியிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் நிற்கும். நிற்கும் அந்த நொடியில் உள்ளே ஒரு சின்ன உறிஞ்சல் ஏற்படும். வாயில் இருந்த எச்சிலும் ரத்தமும் பல்தூளும் கொஞ்சம் உள்ளே ஏறிவிடும். அடுத்தவர் வாயில் வைத்து மறுபடி ஓட்டினால், ஏறியது வெளியே வரும். வெளிப்பக்கம் எவ்வளவுதான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் உள்ளே இருப்பதை அது தொடவே தொடாது. ஹேண்ட்பீஸை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கழற்றி, உள்ளும் புறமும் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, பவுச் என்ற மூடிய பையில் போட்டு ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். இதற்கு மாற்று வழி இல்லை.

பிறகு ஏன் சில இடங்களில் செய்வதில்லை? கழுவி, பொட்டலம் கட்டி, சூடேற்றி, உலர்த்தி, ஆறவைத்து எடுக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். கையில் இரண்டே இரண்டு ஹேண்ட்பீஸ் வைத்துக்கொண்டு, வாசலில் பத்துப் பேர் காத்திருந்தால், கை பஞ்சைத் தேடிப் போகும். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி கருவி வாங்காமல் கிருமிநீக்கம் சரியாக நடக்கவே முடியாது. இது வெறும் அலட்சியம் மட்டும் இல்லை, செலவுக் கணக்கும்தான். அந்தக் கணக்கை நோயாளியின் தலையில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆட்டோகிளேவ் என்பது நீராவியை அழுத்தத்தில் அடைத்துச் சூடேற்றும் பெட்டி. 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 30 நிமிடம், அல்லது 134 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம். அதற்கு முன்னால் கருவியைத் தேய்த்தோ, அதிர்வலைத் தொட்டியில் போட்டோ கறையை நீக்கியிருக்க வேண்டும். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் அடியில் இருக்கும் கிருமிக்கு அதுவே கவசம். அப்புறம் உலர்த்துவது. ஈரமாக வெளியே எடுத்த பவுச்சின் காகிதம் வழியாக, தொடும் கையில் உள்ள கிருமி உள்ளே ஊறிப் போய்விடும். சாதாரணமாகத் தண்ணீரில் கொதிக்க வைப்பது 100 டிகிரியைத் தாண்டாது, வித்துகள் சாகாது. நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஏற்கெனவே சுத்தமான கருவியை எடுத்துவைக்க அது பயன்படும், அழுக்கான கருவியை அது சுத்தமாக்காது.

என் கிளினிக்கில் நடந்ததையும் சொல்கிறேன். ஆட்டோகிளேவ் உண்மையில் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் குப்பியைக் கருவிகளோடு உள்ளே வைப்போம். சூட்டை எளிதில் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கும். எடுத்த பிறகு அதைக் கதகதப்பில் வைத்தால், வித்துகள் செத்திருந்தால் ஊதா நிறம் அப்படியே நிற்கும், பிழைத்திருந்தால் மஞ்சளாகும். ஒரு திங்கட்கிழமை காலை குப்பி மஞ்சளாக இருந்தது. மெஷினில் வெப்பமானி சரியாகக் காட்டியது, பவுச்சுகளின் நிறமும் மாறியிருந்தது. திறந்து பார்த்தால், முந்தின நாட்களில் அவசரத்தில் பவுச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திணித்திருந்தோம், நீராவி நடுவே புகவே இல்லை. கதவின் ரப்பர் வளையமும் தேய்ந்திருந்தது. அலமாரியில் இருந்த அத்தனை பவுச்சையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து செய்தோம். அன்று வரச்சொன்ன எல்லோருக்கும் போன் செய்து தேதி மாற்றினேன். முந்தின சோதனைக்குப் பிறகு வந்துபோனவர்களையும் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அந்தக் குப்பிச் சோதனையை நான் யாரிடமும் விட்டுவைப்பதில்லை.

2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பல் அறுவை சிகிச்சை கிளினிக்கைச் சோதனையிட்டபோது, இந்தக் குப்பிச் சோதனை ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை என்று தெரியவந்தது. சுமார் 7,000 நோயாளிகளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி பரவியது மரபணுச் சோதனையில் உறுதியானது. அங்கேயும் ஆட்டோகிளேவ் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். நாற்காலியோடு இணைந்த மெல்லிய குழாய்களில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும். உள்சுவரில் வழவழப்பாக ஒரு பாசிப்படலம் பிடிக்கும், கிருமிக்கு அது சொந்த வீடு. 2011-இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர், தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் வந்த நிமோனியாவில் இறந்தார். அந்த நாட்களில் அவர் வீட்டை விட்டு வெளியே போனது இரண்டு முறை பல் மருத்துவரைப் பார்க்க மட்டும்தான். அவர் நுரையீரலில் இருந்த கிருமியும் அந்த கிளினிக்கின் தண்ணீர்க் குழாயில் இருந்த கிருமியும் ஒன்றே என்று கண்டுபிடித்தார்கள். குழாய்களுக்குக் கிருமிநாசினி விட வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே 20, 30 நொடி தண்ணீரை ஓடவிட வேண்டும். பல் பிடுங்கிய குழியையும் வெட்டிய ஈறையும் கழுவ, கிருமியில்லாத சலைன் மட்டுமே. மூடியில் ஊசி குத்தியபடி நாள்கணக்கில் நிற்கும் சலைன் பாட்டிலைப் பார்த்தால் 'அது எனக்கு வேண்டாம்' என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது மூன்றாவது சிட்டிங். ரூட் கெனாலைப் பாதியில் விடாதீர்கள். மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. வாரங்கள் போகப் போக அது கசியும், உள்ளே மறுபடி சீழ் பிடிக்கும், பல் உடையவும் கூடும். இன்றே கிளினிக்குக்குப் போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கருவிகளையும் ஹேண்ட்பீஸையும் பவுச்சில் வைத்து என் முன்னாலேயே பிரிக்க முடியுமா? எனக்குப் பயன்படுத்தும் ஃபைல் புதியதா?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என்னிடம் யாராவது இப்படிக் கேட்டால் எழுந்து உள்ளே கூட்டிப்போய் ஆட்டோகிளேவையே காட்டிவிடுவேன். ஃபைல் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம், அது முடி போல மெல்லியது, திருகு திருகாக இருக்கும், அதன் இடுக்கைச் சுத்தம் செய்வது மிகவும் கடினம். பலரும் ஒருவருக்கு மட்டுமே பயன்படுத்தி எறிந்துவிடுகிறோம்.

பவுச் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் வெள்ளைக் காகிதம், மறுபக்கம் தெளிவான பிளாஸ்டிக், ஓரத்தில் சின்ன நிறப்புள்ளி. சூடுபட்டதும் அந்தப் புள்ளி நிறம் மாறும். சூடுபட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, கிருமி செத்தது என்பதற்கு இல்லை. பவுச் கிழிந்திருக்கக் கூடாது, ஈரமாக இருக்கக் கூடாது, தேதி எழுதியிருந்தால் நல்லது. ஊசி, மரத்துப்போகும் மருந்துக் குப்பி, எச்சில் உறிஞ்சும் குழாய்முனை, கையுறை எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். உங்கள் வாயில் வைத்த அதே கையுறையோடு மருத்துவர் செல்போனை எடுத்தால், மாற்றச் சொல்லுங்கள்.

பதில் மழுப்பலாக வந்தாலோ, 'எல்லாம் சுத்தம்தான், விடுங்க' என்று எரிச்சல் காட்டினாலோ, உங்கள் எக்ஸ்-ரேயையும் இதுவரை செய்த சிகிச்சையின் குறிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு பல் மருத்துவரிடம் போங்கள். அவை உங்களுக்கு உரியவை. இரண்டு வாரத்துக்குள் போய்விடுங்கள். நடுவில் முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போக வேண்டும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பு போட்டதற்கான அட்டை உங்களிடம் இல்லையென்றால், டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்த அன்றே, ரத்தம் எடுத்த பிறகு, முதல் டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.