தோட்டத்தை விற்று எம்பிபிஎஸ் வேண்டாம்

மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை, தோட்டத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாமா என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார். "பணத்தைப் பார்த்தால் டாக்டராக முடியுமா?" என்கிறாராம் மச்சான். பிள்ளைக்கோ பயாலஜியைவிட பிசிக்ஸ் பிடிக்கும். மூளையைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிறாள்.

ஐயா, விற்காதீர்கள். அங்கே பல கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும். மச்சான் ஒரு வருடக் கட்டணத்தையாவது தரட்டும், அப்புறம் பேசட்டும்.

மூளை ஆராய்ச்சிக்குப் போக எம்பிபிஎஸ் மட்டும் வழி இல்லை. மூளையை வெளியிலிருந்தே காந்தத்தால் தூண்டும் டிஎம்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. தலைமேல் கம்பிச்சுருளை வைத்து, ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம் காந்தத் துடிப்பு கொடுப்பார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு இப்படித்தான் கையை அசைய வைத்தது. இன்று மனச்சோர்வு சிகிச்சையிலும் பயன்படுகிறது. நியூரானை, அதாவது நரம்பு செல்லை, எழுப்புவது காந்தம் அல்ல, மாறும் காந்தப்புலம் தூண்டும் மின்புலம். ப்ளஸ் டூவில் உங்கள் மகள் படித்த ஃபாரடே விதிதான்.

சுவாரசியம் இனிமேல்தான். ஒரே துடிப்புக்கு ஒரு நியூரான் எழும்பும், பக்கத்தில் இருப்பது சும்மா இருக்கும். நியூரானிலிருந்து நீளும் இழையான ஆக்சான் தடிமனாக இருந்தால், அதைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருந்தால், குறைந்த புலமே போதும். ஆக்சான் வளையும் இடத்திலும் முடியும் நுனியிலும் தூண்டல் எளிதில் பற்றும். மின்புலம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதும் முக்கியம். சுருளைக் கொஞ்சம் திருப்பினால் வேறு செல்கள் எழும்பலாம். இதையெல்லாம், நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்று 1952இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் எழுதிய சமன்பாடுகளை வைத்துக் கணினியில் கணக்கிடுகிறார்கள். அதற்கு வேண்டியது வகைக்கெழுச் சமன்பாடும் நிரல் எழுதும் கையும்.

அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி பிசிக்ஸ், பிறகு எம்எஸ்சி. அதற்கப்புறம் பெங்களூரு ஐஐஎஸ்சியில் இருப்பது போன்ற நரம்பியல் மையங்களில் பிஎச்டி. ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். நீண்ட பாதைதான், மறைக்கவில்லை. படிப்பு முடிந்த மறுநாளே வேலை என்றும் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டம் கையில் இருக்கும்.

சேர்க்கைக்கு முன் ஒன்று செய்யுங்கள். நியூரான் என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆக்சானின் தடிமனை மாற்றி மாற்றி, எவ்வளவு தூண்டலுக்கு அது எழும்புகிறது என்று அவளே பார்க்கட்டும். ஒரு மாதத்தில் அலுத்துவிட்டால் வேறு படிப்பு யோசிப்போம். அப்போதும் தோட்டத்தை விற்பது பற்றிப் பேச வேண்டாம்.